குளிர் கொன்றதா, கிடங்கு கொன்றதா? கனடாவில் பிரெஞ்சுக்காரர்களின் முதல் குளிர்காலங்கள்

ஜனவரி 9 (கேள்வி)

கனடாவுக்கு முதன்முதலில் போன பிரெஞ்சுக்காரர்களில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை என்று படித்தேன். அந்த ஊர்க் குளிர் அப்படி. மரக்குடிசையில், விறகும் கம்பளியும் போதாமல் விறைத்துப் போய் இறந்திருப்பார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது? எனக்குப் புரியாதது ஒன்றுதான்: இத்தனை பேர் செத்த இடத்துக்கு ஏன் திரும்பத் திரும்பப் போனார்கள்?

ஜனவரி 9, இரவு 10.15

முதல் பாதி தவறு. போனவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் குளிர் அல்ல, ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய்.

கணக்கைப் பாருங்கள். 1535–36 குளிர்காலத்தை கடலோடி ழாக் கார்த்தியேயின் ஆட்கள் ஸ்தாதகோனா என்ற ஆதிக்குடி ஊர் அருகே கழித்தார்கள். இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் பகுதி அது. 110 பேரில் 25 பேர் இறந்தார்கள். 1604–05இல் தெ மோன் தலைமையில் சேன்த் க்ருவா தீவில் 79 பேர் தங்கினார்கள், 36 பேர் போனார்கள். மறு வருடம் போர்ட் ராயலில் (இன்றைய நோவா ஸ்கோஷியாவில்) 45 பேரில் 12. 1608–09இல் ஷாம்ப்ளேன் கட்டிய கியூபெக் குடியிருப்பில் 28 பேரில் 20.

குளிர் மட்டுமே காரணம் என்றால் டிசம்பர், ஜனவரியில் சாவு குவிந்து, வெயில் வர வரக் குறைந்திருக்க வேண்டும். கியூபெக்கில் ஸ்கர்வி தொடங்கியதே பிப்ரவரியில். ஏப்ரல் நடுப்பகுதி வரை நீடித்தது. பனி இளகும் காலத்தில் ஆட்கள் சாய்ந்துகொண்டிருந்தார்கள். உடம்பில் இருக்கும் வைட்டமின் சி இருப்பு தீர ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். கடைசியாகக் கீரையோ காயோ பழமோ தின்ற நாளிலிருந்து எண்ணினால் கணக்கு சரியாக வந்து நிற்கும்.

ஜனவரி 10, காலை 6.50

திருத்தம். சேன்த் க்ருவாவில் 36 என்று எழுதிவிட்டேன், சில புத்தகங்களில் அப்படி இருக்கிறது. அங்கேயே தங்கியிருந்த ஷாம்ப்ளேன் தன் கையால் எழுதிய எண் 35. இன்னும் 20 பேருக்கு மேல் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார்கள் என்றும் எழுதுகிறார். 79இல் 55ஐக் கழித்தால் எழுந்து நடமாடியவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அத்தனை நோயாளிகளுக்கும் தண்ணீர் கொண்டுவந்து, விறகு வெட்டி, மாவரைத்துக் கொடுத்தது அந்த 20 சொச்சம் பேர்தான்.

ஜனவரி 10, இரவு 9.30

சேன்த் க்ருவா தீவைப் பற்றி விரிவாக. என்ன தவறியது என்பது இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

இன்று அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக்கும் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்குக்கும் நடுவே ஓடும் ஆற்றில் இருக்கும் சிறு தீவு. சுற்றிலும் தண்ணீர் என்பதால் தாக்குதலிலிருந்து காக்க எளிது என்று 1604 கோடையில் தேர்ந்தெடுத்தார்கள். கோடைக் கண்ணுக்கு அது சரியான தேர்வு.

அக்டோபர் 6ஆம் தேதி முதல் பனி விழுந்தது. ஆறு முழுதாக உறைந்திருந்தால் நடந்தே கரைக்குப் போயிருக்கலாம். ஆனால் ஃபண்டி வளைகுடாவை ஒட்டிய நீர் அது. கடல் ஏற்ற இறக்கம் உலகிலேயே மிக அதிகமாக உள்ள வட்டாரம். ஏறும்போதும் இறங்கும்போதும் பனிக்கட்டி பாளம் பாளமாக உடைந்து ஆற்றில் மேலும் கீழும் ஓடும். அதில் படகு விட முடியாது, நடக்கவும் முடியாது. தீவு பூட்டிக்கொண்டது.

தீவில் ஊற்று இல்லை. தண்ணீர் கரையிலிருந்து வர வேண்டும். தீவின் மரங்களைக் கட்டடத்துக்கு வெட்டித் தீர்த்திருந்தார்கள், ஆகவே விறகும் கரையிலிருந்து வர வேண்டும். போட்ட தோட்டம் மணல் மண்ணில் காய்ந்து போனது. மாவு அரைக்கக் கைத்திருகை மட்டுமே. ஈறு வீங்கிக் கால் மடங்காதவனால் திருகை சுற்ற முடியாது. பனியை உருக்கிக் குடித்தார்கள். நொதித்த ஆப்பிள் சாறு பீப்பாய்க்குள்ளேயே உறைந்து போக, அதை உடைத்து எடைபோட்டுப் பங்கிட்டார்கள். உறையாமல் இருந்தது ஸ்பானிய ஒயின் ஒன்றுதான்.

ஷாம்ப்ளேன் இன்னொரு காரணமும் எழுதுகிறார்: நிலவறை இல்லை. கட்டடத்தின் இடுக்குகளில் நுழைந்த காற்று வெளியே இருந்த காற்றைவிடக் கொடுமையாக இருந்ததாம். அடுத்த இரண்டு குடியிருப்புகளிலும் அவர் கட்டியதைப் பார்த்தால் இந்த வரி அவர் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று தெரிகிறது.

ஜனவரி 11, காலை 7.10

"அனுபவம் உள்ள மாலுமிகள் குளிரைக் கணிக்காமல் எப்படிப் போனார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கணித்துத்தான் போனார்கள். அளவுகோல்தான் தவறு. அன்று ஒரு நாட்டின் தட்பவெப்பத்தை அட்சரேகையை வைத்தே மதிப்பிட்டார்கள். சேன்த் க்ருவா ஏறத்தாழ 45 பாகை வடக்கு, போர்தோ நகரம் இருக்கும் அதே கோடு. கியூபெக் 47க்குச் சற்றுக் கீழே, நாந்த் நகரத்தை ஒட்டி. திராட்சை விளையும் ஊர்களின் கோட்டில் நான்கடிப் பனி ஏப்ரல் இறுதி வரை கிடக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அந்த அட்சங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. பிரான்சுக்கு மேற்கே வெதுவெதுப்பான கடல். கனடாவின் கிழக்குக் கரைக்கு மேற்கே உறைந்த கண்டம். இதை அவர்கள் பிணங்களை எண்ணித்தான் கற்றார்கள்.

ஜனவரி 11, இரவு 8.40

உப்புக்கண்டம் கெடாதே, அதில் சத்து எங்கே போகிறது என்ற கேள்விக்கு: கெடாமல் இருப்பது வேறு, வைட்டமின் சி இருப்பது வேறு. புதிய இறைச்சியில், குறிப்பாக ஈரலில், கொஞ்சம் உண்டு. உப்பில் ஊறும்போது நீரோடு கரைந்து போகும், மாதக்கணக்கில் பீப்பாயில் கிடக்கும்போது மிச்சமும் அழியும். தின்பதற்கு முன் உப்பை எடுக்க மறுபடி ஊறவைத்து, பிறகு நெடுநேரம் வேகவைப்பார்கள். கப்பல் பிஸ்கட்டில் ஒன்றும் இல்லை. காய்ந்த பட்டாணியிலும் இல்லை.

ஆனால் அந்தப் பட்டாணியை ஊறவைத்து முளைகட்டினால் உண்டு. உலர்ந்த பயறு முளைவிடும்போது வைட்டமின் சியைத் தானே உருவாக்குகிறது. ஸ்கர்வி வராமல் தடுக்க ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் போதும். ஒரு கைப்பிடி முளைப்பயறு அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பட்டாணியும் அவரை வகைகளும் அக்காலக் கப்பல் சரக்கில் வழக்கமானவை. மருந்து பீப்பாயில் இருந்திருக்கிறது, ஈரத்துணியும் இரண்டு மூன்று நாளும்தான் குறை. உடைத்த பருப்பாக இருந்தால் முளைக்காது, உறைபனிக் கிடங்கிலும் முளைக்காது, அடுப்போரம் வைத்திருக்க வேண்டும். நம் வீட்டுச் சமையலறையில் நாம் யோசிக்காமல் செய்வது அவர்கள் அறிவில் இல்லை. இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

ஜனவரி 12, மாலை 5.20

இந்தக் கதையின் மையம் 1536. இதைத் தவிர்த்துவிட்டு 1604ஐயும் 1608ஐயும் பேசுவதில் பொருளே இல்லை.

நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை கார்த்தியேயின் மூன்று கப்பல்களும் உறைபனியில் சிக்கிக் கிடந்தன. பனிக்கட்டியின் தடிமன் இரண்டு பாகத்துக்கு, அதாவது சுமார் பன்னிரண்டு அடிக்கு மேல். டிசம்பரில் நோய் வந்தது. பிப்ரவரி நடுவில் 110 பேரில் நல்ல நிலையில் பத்துப் பேர்கூட இல்லை. அம்புவாஸ் ஊரைச் சேர்ந்த பிலிப் ரூஜ்மோன் என்ற 22 வயது இளைஞன் இறந்தபோது உடலை அறுத்துப் பார்த்தார்கள். இதயம் வெளுத்து வாடியிருந்தது, சுற்றிலும் செந்நீர் கோத்திருந்தது. காரணம் புலப்படவில்லை.

தங்கள் பலவீனம் ஸ்தாதகோனா மக்களுக்குத் தெரிந்தால் தாக்குவார்கள் என்று கார்த்தியே பயந்தார். அவர்கள் அருகில் வந்தால், எழுந்து நிற்கக்கூடிய ஓரிருவரை வெளியே கூட்டிவந்து, "வேலையை விட்டு வெளியே வந்தாயா" என்று அதட்டுவதுபோல் நடித்து உள்ளே விரட்டுவார். உள்ளே படுத்திருப்பவர்கள் தடியாலும் கல்லாலும் கப்பலின் பக்கங்களைத் தட்டி, பழுது பார்க்கும் சத்தத்தை உண்டாக்குவார்கள்.

அப்போது தொமகாயா வந்தார். தலைவர் தொன்னகோனாவின் மகன். 1534இல் காஸ்பேயில் கார்த்தியே பிடித்துக்கொண்டு போன இருவரில் ஒருவர், பிரான்சில் தங்கிப் பிரெஞ்சு கற்றவர். பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு அவர் ஒரு முழங்கால் இரண்டு வயதுக் குழந்தையின் உடம்பளவு வீங்கி, பல் கெட்டு, ஈறு அழுகி நின்றதைக் கார்த்தியே பார்த்திருந்தார். இப்போது நன்றாக நடந்து வருகிறார். எப்படிக் குணமானது என்று கேட்டார் கார்த்தியே. வேலைக்காரன் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சொன்னார். தன் ஆட்கள் நூறு பேர் படுத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

தொமகாயா இரண்டு பெண்களை அனுப்பினார். அவர்கள் ஒன்பது பத்துக் கிளைகள் கொண்டுவந்து செய்முறையைக் காட்டினார்கள். பட்டையையும் இலையையும் இடித்து நீரில் கொதிக்க வை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடி. சக்கையை வீங்கிய காலில் பற்றுப் போடு. மரத்தின் பெயர் அனெத்தா.

முதலில் யாரும் குடிக்கத் துணியவில்லை, ஓரிருவர் குடித்தார்கள். இரண்டு மூன்று வேளையில் தேறினார்கள். அதன் பிறகு கஷாயத்துக்கு அடிதடி. பெரிய ஓக் மரம் அளவு இருந்த ஒரு மரத்தை எட்டு நாளுக்குள் பட்டை இலையோடு தீர்த்துவிட்டார்கள். லூவேன், மோன்பெலியே மருத்துவர்கள் எல்லாரும் அலெக்சாந்திரியாவின் மருந்தெல்லாம் கொண்டுவந்து ஓராண்டு உழைத்தாலும் இந்த மரம் எட்டு நாளில் செய்ததைச் செய்திருக்க முடியாது என்று பதிவு சொல்கிறது.

மே 3ஆம் தேதி கார்த்தியே ஒரு சிலுவையை நட்டார். அந்தக் கூட்டத்திலேயே தொன்னகோனாவையும் தொமகாயாவையும் மற்றவர்களையும் பிடித்தார். மொத்தம் பத்துப் பேரைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. 1541இல் கார்த்தியே மறுபடி வந்தபோது, தொன்னகோனா இறந்துவிட்டார், மற்றவர்கள் அங்கே பெரிய மனிதர்களாக, மணம் முடித்து வாழ்கிறார்கள் என்று ஊராரிடம் சொன்னார். உண்மையில் ஒரு சிறுமியைத் தவிர அத்தனை பேரும் இறந்திருந்தார்கள்.

உயிரைக் காத்தவருக்கு இரண்டு மாதத்தில் கிடைத்த கைம்மாறு இது. இதை "அந்தக் காலத்து வழக்கம்" என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஜனவரி 12, இரவு 11.05

"ஆதிக்குடிகளுக்கு ஸ்கர்வியே வராது" என்று மேலே ஒருவர் எழுதியது சரியல்ல. தொமகாயாவுக்கே வந்தது. அந்த டிசம்பரில் ஸ்தாதகோனாவில் 50 பேருக்கு மேல் இறந்ததாகக் கார்த்தியேயின் பதிவு சொல்கிறது. வராமல் இருக்கவில்லை, வந்தால் என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

ஜனவரி 13, காலை 7.00

மரம் எது? கிழக்கு வெள்ளை சீடார் என்பது அதிகம் ஏற்கப்பட்ட பதில். பால்சம் ஃபிர் என்போரும் உண்டு. இந்த ஊசியிலை மரங்கள் பலவற்றிலும் வைட்டமின் சி இருக்கிறது, ஆகவே மருந்து வேலை செய்ததற்கு இனம் துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. கொதிக்க வைத்தால் ஒரு பங்கு அழியும், செம்புப் பாத்திரமானால் இன்னும் வேகமாக அழியும். ஆனாலும் தேவை சில மில்லிகிராம்தான் என்பதால் மிச்சமே போதுமானது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். வெள்ளை சீடாரில் தூஜோன் என்ற பொருள் உண்டு. அளவு மீறினால் வலிப்பு வரும், கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. தொட்டிச் செடியாக நர்சரியில் விற்கும் தூஜாவும் இதே குடும்பம்தான். நமக்கு நெல்லிக்காய் இருக்கிறது.

ஜனவரி 13, இரவு 9.15

மருந்து மரத்தின் பெயர் தெரிந்த பிறகும் 1608இல் ஏன் 20 பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு இரண்டு கட்டமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கட்டம் ரொபர்வால். 1541இல் கார்த்தியே ஐந்து கப்பல்களோடு வந்து காப் ரூழ் என்ற இடத்தில் குடியிருப்பு அமைத்தார். அந்தப் பயணக் குறிப்பிலும் அனெத்தா மரம் புகழப்படுகிறது. அடுத்த ஜூனில் பொன்னும் வைரமும் என்று நம்பியவற்றை ஏற்றிக்கொண்டு திரும்பினார். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் எதிரே வந்தார் ரொபர்வால். அரசர் நியமித்த தலைவர் அவர்தான், சுமார் 200 பேரோடு வருகிறார். திரும்பி என்னோடு வா என்று கட்டளையிட்டார். கார்த்தியே இரவோடு இரவாக நழுவினார். ரொபர்வால் அதே காப் ரூழில் குளிர்காலத்தைக் கழித்தார். சுமார் 50 பேர் ஸ்கர்வியில் இறந்தார்கள். அதே இடம், ஒரே வருட இடைவெளி. அந்த நழுவலில் எதெல்லாம் கைமாறாமல் போனது என்று நினைத்துப் பாருங்கள். கார்த்தியேயின் பொன் வெறும் பைரைட், வைரம் வெறும் குவார்ட்ஸ். "கனடா வைரம் போலப் பொய்" என்று பிரெஞ்சில் ஒரு சொலவடையே பிறந்தது.

இரண்டாம் கட்டம் ஷாம்ப்ளேன். கார்த்தியேயின் இரண்டாம் பயணக் குறிப்பு 1545இலேயே அச்சானது. ஷாம்ப்ளேன் அதைப் படித்தவர், அனெத்தாவைத் தேடியவர். குறிப்பில் பெயரும் செய்முறையும் இருந்தன, அடையாளம் இல்லை. இலை எப்படி, காய் எப்படி, பட்டை எந்த நிறம் என்று பிறர் கண்டுபிடிக்கும்படி எழுதவில்லை. அந்தச் சொல்லைப் பேசிய மக்களோ அங்கே இல்லை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் கார்த்தியே பார்த்த ஸ்தாதகோனாவும் ஒஷெலகாவும் 17ஆம் நூற்றாண்டு தொடங்குவதற்குள் மறைந்துவிட்டன. போரா, நோயா, இரண்டுமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஷாம்ப்ளேன் சந்தித்த இன்னு மக்கள் வேறு மொழிக்குடும்பம். அவர்களிடம் போய் "அனெத்தா எங்கே" என்றால் அது வெறும் ஒலி.

ஒரு முறை அவருக்கு அனெத்தா என்ற பெயருடைய ஓர் ஆதிக்குடி மனிதரைப் பற்றித் தெரியவந்தது. மூலிகையைக் கண்டவர் இவர் இனத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினார். விசாரித்தால், அந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரே ஒழிய மூலிகையைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. இதை ஷாம்ப்ளேனே எழுதியிருக்கிறார்.

ஜனவரி 14, காலை 6.30

நேற்று இதைச் சேர்க்க விட்டுப்போனது. வெள்ளை சீடார் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரான்சில், ஃபோன்தேன்ப்ளோ அரசத் தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. "உயிர் மரம்" என்று பெயர். அரசர் தோட்டத்தில் அழகுக்கு நின்றது. கியூபெக்கில் அதே மரம் வளரும் காட்டை ஒட்டி 28 பேரில் 20 பேர் இறந்தார்கள்.

ஜனவரி 15, இரவு 10.00

நிலவறையைப் பற்றி நான் 10ஆம் தேதி எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். அப்போது என் எண்ணம், சேன்த் க்ருவாவின் பிழைகளைத் திருத்தியதால் நிலைமை சீரானது என்பது. முழுக்க அப்படி இல்லை.

போர்ட் ராயலுக்கு 1605 கோடையில் போனபோது, தீவின் கட்டடங்களைப் பிரித்து மரத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புதிய குடியிருப்பு 10 துவாஸ் நீளம், 8 துவாஸ் அகலம். ஒரு துவாஸ் 1.95 மீட்டர் என்பதால் ஏறத்தாழ 19.5க்கு 15.6 மீட்டர். நாலு பக்கமும் கட்டடம், நடுவே முற்றம், நம் பழைய தொட்டிக்கட்டு வீடு போல. கிடங்குக்குக் கீழே ஐந்தாறு அடி நிலவறை. சாவு 44 விழுக்காட்டிலிருந்து 27ஆகக் குறைந்தது. நிலவறைக்கு வெற்றி என்று எழுதத் தோன்றும்.

1608 கியூபெக்குக்கு வாருங்கள். ஜூலை 3ஆம் தேதி ஷாம்ப்ளேன் இடத்தைத் தேர்ந்தார். ஆட்களைப் பிரித்துச் சிலரை மரம் வெட்டவும், சிலரைப் பலகை அறுக்கவும், சிலரை நிலவறையும் அகழியும் தோண்டவும் விட்டார். முதலில் எழுந்தது கிடங்குதான்: 6 துவாஸுக்கு 3, கீழே ஆறடி நிலவறை. வீடுகள் மூன்று, ஒவ்வொன்றும் இரண்டு மாடி, 3 துவாஸுக்கு இரண்டரை. மேல்மாடியைச் சுற்றி நடைமாடம், வெளியே 15 அடி அகலம் 6 அடி ஆழத்தில் அகழி. தண்ணீர், விறகு, நிலத்தொடர்பு எல்லாம் உண்டு. தீவில் செய்த தவறு ஒன்றுகூட இங்கே இல்லை. சாவு 71 விழுக்காடு.

ஆக நிலவறை ஒயினைக் காக்கும், ஆளைக் காக்காது. குளிர், தண்ணீர், விறகு மூன்றும் சரியாக இருந்தும் பீப்பாய்ச் சாப்பாடு மாறாததால் ஸ்கர்வி மாறவில்லை. கூடவே வயிற்றுக்கடுப்பும் பலரைக் கொண்டுபோனது. சரியாக வேகாத விலாங்கு மீனால் வந்தது என்பது ஷாம்ப்ளேனின் கணிப்பு. இன்னு மக்கள் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை விலாங்கு பிடித்து, உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். குடியிருப்பின் மருத்துவரும் இறந்தார்.

ஜனவரி 16, மாலை 6.10

நேர்மாறான உதாரணம் 1606–07 போர்ட் ராயல். குளிர் அவ்வளவு கடுமையாக இல்லை, அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆனால் உணவும் மாறியது. ஷாம்ப்ளேன் தொடங்கிய "நல்ல பொழுதின் சங்கம்" என்ற ஏற்பாட்டில், மேசைக்கு உரியவர்கள் முறைவைத்து ஒரு நாள் விருந்துப் பொறுப்பை ஏற்பார்கள். முறை வருவதற்கு இரண்டு நாள் முன்பே வேட்டைக்கும் மீனுக்கும் போய்விடுவார்கள். மற்றவனைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்ற போட்டி. மிக்மாக் தலைவர் மெம்பெர்த்தூ மேசையில் உடன் உட்கார்ந்து உண்டார். அந்தக் குளிர்காலத்தில் 7 பேர் இறந்தார்கள். புதிய இறைச்சியும் மீனும் வாரம் முழுவதும் பானைக்கு வந்ததை இந்தக் குறைவுக்கு முக்கியக் காரணமாக எண்ணுகிறேன். கொண்டாட்டம் என்று புத்தகங்கள் எழுதுவதை நான் பத்தியச் சாப்பாடாகவே படிக்கிறேன்.

ஜனவரி 17, இரவு 9.50

ஏன் திரும்பத் திரும்பப் போனார்கள் என்ற முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பீவர் தோல்.

பீவரின் அடிமயிரில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் நனைந்தாலும் உருக்குலையாத ஃபெல்ட் கிடைக்கும், அதில்தான் ஐரோப்பாவின் தொப்பிகள். மேலே இருக்கும் முரட்டு மயிரை அகற்றுவதுதான் கடினமான வேலை. ஆதிக்குடிகள் தோலை மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி தைத்து ஓராண்டுக்கு மேல் உடுத்துவார்கள். உராய்வில் முரட்டு மயிர் தானே உதிரும், உடம்பின் எண்ணெய் ஏறித் தோல் மென்மையாகும். ஆக, அவர்கள் உடுத்திக் கழித்த பழைய மேலாடைக்குப் பிரெஞ்சு வணிகர் புதுத் தோலைவிட அதிக விலை கொடுத்தார்கள். "கொழுப்புப் பீவர்" என்று அதற்குப் பெயர், உடுத்தாததற்கு "உலர் பீவர்".

இந்த வணிகத்துக்கு ஆற்றின் குறுகலில் ஒரு கிடங்கு வேண்டும், அதில் வருடம் முழுவதும் சிலர் இருக்க வேண்டும். கியூபெக் அந்தக் குறுகல். வணிகத்துக்கு 28 பேர் போதும், விவசாயக் குடும்பம் தேவையில்லை. அதனால்தான் மருந்தாளர் லூயி எபேர் மனைவி மரி ரொல்லேயோடும் பிள்ளைகளோடும் வந்து பயிர்செய்ய 1617 வரை ஆனது, நிலத்தில் ஏர் இறங்க 1628 ஆனது. இருபது வருடம் மண்வெட்டிதான். 1628இல் ஆங்கிலேயரான கெர்க் சகோதரர்கள் உணவுக் கப்பல்களை ஆற்றிலேயே பிடித்தார்கள். மறு வருடம் கியூபெக்கில் இருந்தவர்கள் காட்டில் கிழங்கு தோண்டித் தின்று, கடைசியில் சண்டையில்லாமல் கோட்டையைக் கொடுத்தார்கள். 1632 உடன்படிக்கையில்தான் திரும்பக் கிடைத்தது.

ஜனவரி 18, காலை 8.20

புதுச்சேரிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு: நேரடியாக உண்டு. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் கனடாவை விட்டுக்கொடுத்தது. அதே உடன்படிக்கையில் 1761இல் இழந்த புதுச்சேரியைத் திரும்பப் பெற்றது. இன்னொன்று, கார்த்தியேயின் ஊரான சேன் மாலோவில் 1699இல் பிறந்தவர்தான் 1746இல் சென்னையைப் பிடித்த லாபூர்தொனே. குடியேற்ற முறை மட்டும் வேறு. புதுச்சேரிக்கு வந்தவர்கள் ஏற்கெனவே நெல் விளையும், நெசவு நடக்கும், சந்தை கூடும் நாட்டில் வந்து இறங்கினார்கள்.

ஜனவரி 19, இரவு 10.30

சேன்த் க்ருவா தீவில் இன்று என்ன இருக்கிறது என்ற கேள்வி கடைசியாக வந்திருக்கிறது. கல்லறைகள் இருக்கின்றன.

1783இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் எல்லை "சேன்த் க்ருவா ஆறு" என்று எழுதிவிட்டார்கள். எந்த ஆறு என்பதில் தகராறு. 1797இல் ஷாம்ப்ளேனின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு தீவில் தோண்டினார்கள். அவர் வரைந்த இடத்தில் அடித்தளக் கற்கள் வந்தன. இந்த ஆறுதான் என்று மறு வருடம் முடிவானது. ஒரே ஒரு குளிர்காலம் நின்ற குடியிருப்பை வைத்து இரண்டு நாடுகளின் எல்லைக்கோடு போடப்பட்டது.

1969இல் தொல்லியலாளர்கள் கல்லறைகளைத் திறந்தார்கள். பின்னாளில் எலும்புகளை மறுபடி ஆராய்ந்தபோது ஸ்கர்வியின் அடையாளங்கள் தெரிந்தன. ஒரு மண்டையோட்டின் மேல்பகுதி வட்டமாக ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது. நோயின் காரணம் தேடி இறந்தவர்கள் சிலரின் உடலை அறுத்துப் பார்த்தோம் என்று ஷாம்ப்ளேனும் எழுதியிருக்கிறார். பார்த்து முடித்ததும் அறுத்த ஓட்டை மறுபடி இருந்த இடத்தில் பொருத்தி அடக்கம் செய்திருக்கிறார்கள். 2003இல் அந்த எலும்புகளைத் தீவிலேயே திரும்பப் புதைத்தார்கள்.